குமிழி உடையும் வரை

சாப்பாட்டுக்கு எழுந்து போகும்போது, சீட்டாட்டத்தில் காசுக்குப் பதிலாக வைக்கும் இல்போவின் வில்லைக் குவியல் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. திரும்பி வந்தபோது அது மழையில் நனைந்த கோழிக்குஞ்சு போல ஒடுங்கிக் கிடந்தது.

நாற்காலியின் முதுகைப் பிடித்தபடியே கேட்டான்: "இது என்னோடதா?"

"நாற்காலி உங்களோடதுன்னா குவியலும் உங்களோடதுதான்" என்றார் பக்கத்தில் இருந்தவர். ரெயோ என்று பெயர். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். சீட்டைக்கூட நங்கூரம் இறக்குவது போல மெதுவாகத்தான் இறக்குவார். "சாப்பாட்டு நேரத்திலேர்ந்து இங்க ஆளே இல்லையே. ஆள் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, முறை வந்தா கட்டாயப் பந்தயத்தை எடுத்துக்கிட்டுத்தானே இருப்பாங்க? எலி ரொட்டியைக் கொறிக்கிற மாதிரி கொறிச்சுட்டாங்க."

இல்போவுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போது அவனுக்குச் சொந்தமானது எல்லாம் இளைத்துப் போவது ஐம்பது வருஷப் பழக்கம். இன்றைக்கும் அதுதான் நடந்திருக்கிறது. சால்மன் மீன் சூப்பைக் குடித்துவிட்டு, ஒரு மேகத்தை மட்டும் பார்த்துவிட்டு வரலாம் என்று மேல்தளத்தில் ஒரு பெஞ்சில் சாய்ந்தான். கப்பல் வழியில் மாரியஹாம்ன் துறையில் நின்றது. பிறகு பின்பக்கமாகவே நகர்ந்து, கழுத்தைத் திருப்பும் பசு மாதிரி மெல்லத் திரும்பியது. மேலே ஆகாயம், அதிலிருந்த மேகம், சூரியன், கடற்பறவைகள் எல்லாம் சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றின. அந்தச் சுற்றில் அவன் தூங்கிப் போனான். கண் விழித்தபோது பாறைத் தீவுகள் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தன.

அடித்துப் பிடித்துக்கொண்டு, போக்கர் சீட்டுப் போட்டி நடக்கும் ஆட்டக் கூடத்துக்கு ஓடி வந்தான். சாப்பாட்டுக்கு முன்னால்தான் எல்லாருக்கும் இடம் மாற்றியிருந்தார்கள். "வில்லைகளை நாங்களே தூக்கி வெச்சிடறோம், நீங்க சாப்பிடப் போங்க. உங்களுக்கு வெயிலடிக்கிற பக்கத்து மேசை, ஓரத்து நாற்காலி" என்று கப்பல் பெண் ஒருத்தி சொல்லியிருந்தாள். அதை மட்டும் அவன் மறக்கவில்லை. வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்த மேசைக்கு வந்து, ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"எத்தனை பேர் மிச்சம்?" என்று கேட்டான்.

"பத்து" என்றார் ரெயோ. "பரிசு ஒன்பது பேருக்கு."

இல்போ விரலை மடக்கி எண்ணிப் பார்த்தான். ஒரே ஓர் ஆள். ஒரே ஓர் ஆள் வெளியே போய்விட்டால் மற்ற எல்லாருக்கும் பரிசு. அந்த ஓர் ஆளாகப் போகிறவனுக்குக் காலையிலிருந்து ஆடியதற்கு ஒரு கைகுலுக்கல் மட்டும்தான். இந்த நேரத்துக்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் குமிழி. அது உடையும் வரை யாரும் சத்தமாக மூச்சுக்கூட விடமாட்டார்கள்.

கடலுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஜூன் மாத வெளிச்சம் பால் மாதிரி பரவிக் கிடந்தது. நாலு பைன் மரமும் ஒரு சிவப்புக் குடிசையுமாக ஒரு தீவு வந்தது, போனது.

இல்போ, கப்பல் புறப்பட்ட துர்க்கு நகரத்தில் ஒரு பெயின்ட் கடையில் வண்ணம் கலக்குகிறவன். சாம்பல் நிறம் கேட்டு வருகிறவர்கள் மூன்று தடவை தொண்டையைக் கனைக்க வேண்டியிருக்கும். அவன் டப்பாவுக்குள் குனிந்து, மழைக்கு முந்திய கடலைப் பார்த்துக்கொண்டிருப்பான். பஸ்ஸில் ஏறினால் இறங்க வேண்டிய இடம் தாண்டி இரண்டாவது நிறுத்தத்தில்தான் ஞாபகம் வரும். அவன் மனைவி ரைலி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பகல் முழுக்கப் பழகுகிறவர்களிடம் சொல்லும் வாக்கியத்தைச் சாயங்காலம் வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவாள்: "கண்ணை ரோட்டுல வை."

அவர்களுடைய கோடைக் குடிசையில் ஒரு பழைய துடுப்புப் படகு இருந்தது. அடியில் ஓட்டை. தண்ணீரில் விட்டால் மூழ்கிவிடும் என்பதால் நாணல் புதருக்குள் இழுத்துப் போட்டு, அதில் மல்லாந்து படுத்து இல்போ வானத்தைப் பார்ப்பான். ரைலிக்கு அதைக் கண்டாலே ஆகாது. நடுக்கோடைத் திருநாளுக்குக் கரையில் எரிக்கிற பெரிய தீயில் இந்த வருஷம் அந்தப் படகைப் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு இடத்துல உக்காந்து ஒரு காரியத்தை முடிவு வரைக்கும் செஞ்சு காட்டு" என்று இன்று காலையில் கப்பலில் ஏறும்போதே சொல்லியிருந்தாள். "பரிசுல பேர் வந்தா படகு பொழைச்சுது. இல்லாட்டி தீக்குச்சியை நீயே கிழிக்கணும்."

"சரி" என்றான் இல்போ.

"என்ன சரி? நான் என்ன சொன்னேன், சொல்லு பாப்போம்?"

"தீக்குச்சி."

ரைலி பெருமூச்சு விட்டுவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு கப்பலின் குளியல் பகுதிக்குப் போய்விட்டாள்.

இப்போது மேசையில் எதிரே ஒரு மலையே இருந்தது. மலைக்குப் பின்னால் இருந்த அம்மாள் குன்வோர். ஸ்வீடன்காரி, எழுபதை நெருங்குபவள், முடி திருத்தும் கடை வைத்திருப்பவள். யாரைப் பார்த்தாலும் முதலில் தலைமுடியைத்தான் பார்ப்பாள். மேசையிலிருந்த வில்லைகளில் பெரும்பகுதி அவளிடம் சேர்ந்திருந்தது.

"உன்னைப் பாத்தா பாவமா இருக்கு தம்பி" என்றாள். "யாரு உனக்குப் பின்கழுத்துல வெட்டிவிட்டது? சரி, அது கிடக்கட்டும். சின்னக் குவியல்காரனுக்கு ரெண்டே வழிதான். பயமுறுத்துற அளவுக்குக் கையில மிச்சம் இருக்கும்போதே மொத்தத்தையும் தள்ளிடணும். இல்லாட்டி, செத்தவன் மாதிரி கிடந்து, உன்னைவிட இளைச்சவன் முதல்ல போகட்டும்னு பாக்கணும். ரெண்டுக்கும் நடுவுல தவிக்கிறவன்தான் எனக்கு மத்தியானச் சாப்பாடு."

"செத்தவன் மாதிரி கிடக்கிறது எனக்கு நல்லா வரும் அக்கா."

"அதுவும் தெரியுது."

"என்னைவிட இளைச்சவன் யாராவது இருக்காங்களா?"

ரெயோ தாடையால் கூடத்தின் அந்தப் பக்கத்தைக் காட்டினார். நிழல் விழுந்திருந்த அடுத்த மேசையில் நாலு பேர் இருந்தார்கள். ஐந்தாவது நாற்காலி காலி. அதன் முன்னால் ஒரு குவியல் சொந்தக்காரன் இல்லாமல் தனியாக உட்கார்ந்திருந்தது. சீட்டுப் போடுகிறவன் அதற்கும் ஒழுங்காக இரண்டு சீட்டுப் போட்டு, ஒழுங்காகவே திரும்ப எடுத்துக்கொண்டிருந்தான்.

"அங்கயும் ஒருத்தன் உங்களை மாதிரிதான்" என்றார் ரெயோ. "போனவன் வரல."

இல்போ எட்டிப் பார்த்தான். அந்தக் குவியல் அவனுடையதைவிடக் கொஞ்சம் பெரியது. ஆனால் அவன் திரும்பி வந்துவிட்டான். அந்த ஆள் வரவில்லை. முதன்முறையாக இல்போவுக்கு, உலகத்தில் தன்னைவிடப் பொறுப்பில்லாதவன் ஒருவன் இருக்கிறான் என்ற சந்தோஷம் ஏற்பட்டது.

செய்ய வேண்டியது சுலபம். இங்கே மெதுவாக ஆட வேண்டும். இங்கே ஓர் ஆட்டம் முடிவதற்குள் அங்கே மூன்று ஆட்டம் ஓடிவிட்டால், கட்டாயப் பந்தயம் அந்தக் குவியலைத்தான் முதலில் தின்று தீர்க்கும்.

அடுத்த சீட்டு வந்ததும் இல்போ அதைக் கையில் பிடித்தபடி ஆழ்ந்த யோசனையில் இருப்பது போல ஜன்னலைப் பார்த்தான். நடிப்பாகத்தான் ஆரம்பித்தான். ஆனால் ஜன்னலுக்கு வெளியே ஒரு தீவு வந்துகொண்டிருந்தது. தீவு என்று சொல்லக்கூடாது, ஒரு பாறை. அதன் மேல் ஒரு பறவை. பறவைக்கு மேல் ஒன்றுமே இல்லை, வெறும் வெளிச்சம். அந்த வெளிச்சத்தை டப்பாவில் கலக்குவதென்றால் வெள்ளையில் எத்தனை துளி மஞ்சள் விட வேண்டும்? மஞ்சளா, அல்லது மிக மிகக் கொஞ்சம் ரோஜாவா?

"தம்பி! கப்பல் ஸ்டாக்ஹோமுக்குப் போகுது. நீ எங்க போறே?"

இல்போ திரும்பினான். மேசை முழுக்க அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. குன்வோர் கையைத் தூக்கி ஆட்டத்தை நடத்துகிறவளைக் கூப்பிட்டாள். கைசு என்ற அந்தப் பெண், கப்பல் கம்பெனிச் சீருடையில், எல்லாருக்கும் ஒரே அளவு புன்னகையோடு வந்தாள்.

"இவரு தூங்குறாரு" என்றாள் குன்வோர்.

"யோசிச்சேன்" என்றான் இல்போ.

"யோசிக்கலாம் சார். ஆனா இனிமே ரெண்டு மேசையும் சேர்ந்துதான் ஆடணும்" என்றாள் கைசு. "ஒரு மேசையில ஒரு ஆட்டம் முடிஞ்சா, அடுத்த மேசையில முடியற வரைக்கும் காத்திருக்கணும். யாரும் நேரத்தை ஓட்ட முடியாது. அதோட, உங்களுக்கு இது முதல் எச்சரிக்கை."

ஆக, மெதுவாக ஆடிப் பயனில்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டு குவியலும் ஒரே வேகத்தில் கரையப் போகின்றன. சின்னது எதுவோ அதுதான் முதலில் காலியாகும். சின்னது அவனுடையது.

இரண்டு சுற்றுப் போனது. குவியல் இப்போது குஞ்சிலிருந்து முட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

"தள்ளணும்னா இப்பவே தள்ளுங்க" என்று ரெயோ காதோடு சொன்னார். "இன்னும் ரெண்டு சுத்துப் போச்சுன்னா, நீங்க தள்ளினாலும் குன்வோர் சிரிச்சுக்கிட்டே 'ஆடறேன்'னு சொல்லிடுவா. அவளுக்கு அது சில்லறை."

"நல்ல சீட்டு வரட்டும்."

"வராது. வந்தாலும் நீங்க ஜன்னலைப் பாத்துக்கிட்டிருப்பீங்க."

அடுத்து வந்தது ஓர் ஏழும் ஒரு ரெண்டும். உலகத்திலேயே இதைவிட மட்டமான சீட்டு கிடையாது. கவிழ்த்துவிட வேண்டியதுதான் என்று இல்போ நினைத்தபோது, ஜன்னலில் ஒரு மஞ்சள் வீடு வந்தது. தனித் தீவு. தனி வீடு. வாசலில் கொடியில் ஒரே ஒரு வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அந்த மஞ்சள் அவன் கலந்த மஞ்சள்! எட்டு வருஷத்துக்கு முன்னால் வாடிக்கையாளர் ஒருவர் வந்து, "காலை வெயில் மாதிரி, ஆனா எழுந்திருக்க அவசரமில்லாத காலை" என்று கேட்டு வாங்கிப்போன மஞ்சள். நன்றாகப் பார்க்கலாம் என்று இல்போ மேசையில் கையை ஊன்றி முன்னால் சாய்ந்தான்.

"அத்தனையும்!" என்று அறிவித்தான் சீட்டுப் போடுகிறவன்.

இல்போ குனிந்து பார்த்தான். அவன் கைக்கு முன்னால் குவியல் முழுவதும் கோட்டைத் தாண்டி மேசை நடுவுக்குப் போயிருந்தது.

இருதயம் நின்றுவிட்டது. ஆனால் முகத்துக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. முகம் மஞ்சள் வீட்டிலேயே இருந்தது. எழுந்திருக்க அவசரமில்லாத அந்தக் காலை வெயில் அதில் முழுசாக விழுந்திருந்தது.

குன்வோர் அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள். நாற்பது வருஷமாகக் கண்ணாடியில் முகங்களைப் படித்தவள்.

"இந்த மாதிரி ஒரு நிம்மதி மனுஷனுக்கு ரெண்டு ராஜா வந்தா மட்டும்தான் வரும்" என்று சொல்லிச் சீட்டைக் கவிழ்த்தாள். மற்றவர்களும் கவிழ்த்தார்கள்.

நடுவில் கிடந்த கட்டாயப் பந்தயம் எல்லாம் இல்போவிடம் வந்தது. குஞ்சு மறுபடி குஞ்சாயிற்று. பக்கத்து மேசைக் குவியலும் இப்போது ஏறக்குறைய அதே அளவுதான்.

ஆனால் இதனால் ஒரு புதுத் தலைவலி வந்தது. குன்வோர் இவனை மதிக்க ஆரம்பித்துவிட்டாள். "சும்மா தூங்குறவன்னு நினைச்சேன். இவன் ஆபத்தான ஆளு" என்றாள். அதற்குப் பிறகு இல்போவின் கட்டாயப் பந்தயம் வைக்கும் முறை வந்தபோதெல்லாம், மலையிலிருந்து ஒரு பாறையை உருட்டிவிட்டாள். இல்போ ஒவ்வொரு தடவையும் சீட்டைக் கவிழ்த்துவிட்டுப் பக்கத்து மேசையைப் பார்த்தான்.

நம்பிக்கை இப்போது அந்தக் காலி நாற்காலியில்தான் இருந்தது.

அப்போது பக்கத்து மேசையில் ஒரு விபரீதம் நடந்தது. அங்கிருந்த நாலு பேருக்கும் குமிழிப் பயம். நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராகச் சீட்டைக் கவிழ்த்தார்கள். கடைசியில் ஆட்டத்தில் மிச்சம் இருந்தது காலி நாற்காலி மட்டும்தான். சீட்டுப் போடுகிறவன் தோளைக் குலுக்கிவிட்டு, நடுவில் கிடந்ததை எல்லாம் அள்ளிக் காலி நாற்காலியின் முன்னால் வைத்தான்.

"இது என்ன அநியாயம்!" இல்போ எழுந்தே விட்டான். "இல்லாத ஆள் எப்படி ஜெயிக்க முடியும்?"

"பயப்படாம உக்காந்திருந்தான், ஜெயிச்சான்" என்றாள் குன்வோர். "இந்தக் கூடத்திலேயே தைரியமான ஆள் அந்த நாற்காலிதான்."

இல்போ பக்கத்து மேசையைப் பார்த்துக் குரல் கொடுத்தான்: "ஏங்க, அவன் என்ன எழுந்து வந்து அடிக்கவா போறான்? அவன் பந்தயம் வைக்கிற முறை வரும்போது யாராவது ஒருத்தர் கூட்டிக் கேளுங்க. பிடுங்கிக்கலாம். சும்மா கிடக்கிற காசு!"

அந்த மேசையில் இருந்த ஒல்லியான ஒருவர் இதுவரை அதை யோசிக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. இப்போது யோசித்தார். யோசித்தபின் நன்றியோடு தலையை ஆட்டினார்.

கைசு வந்துவிட்டாள். "சார், இன்னொரு மேசைக்கு யோசனை சொல்லக் கூடாது. இது ரெண்டாவது எச்சரிக்கை. மூணாவதுக்கு வெளியே அனுப்பிடுவேன்." பிறகு காலி நாற்காலியைப் பார்த்து உதட்டைக் கடித்தாள். "எனக்கே மனசு கேக்கல. காலையில நல்லா ஆடினவராம். பேரைச் சொல்லிக் கப்பல் முழுக்க ஒலிபெருக்கியில ஒரு தடவை கூப்பிடலாமான்னு பாக்கிறேன்."

"வேண்டாம்!" என்றான் இல்போ.

சத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. எல்லாரும் திரும்பினார்கள்.

"இல்ல... பாவம், எங்கயாவது தூங்கிட்டிருப்பாரு" என்று குரலைத் தணித்துக்கொண்டான். "தூங்குறவரை எழுப்புறது மகா பாவம். நானும் அந்த மாதிரி ஆள்தான், அதனால சொல்றேன். தூங்கட்டும். அவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா இருந்தா வந்திருக்க மாட்டாரா?"

"அவரு சொல்றது நியாயம்" என்றாள் குன்வோர். "எனக்கு யாரையும் கூப்பிட்டுப் பழக்கமில்ல. கடைக்கு வர்றவங்க அவங்களாவேதான் வர்றாங்க."

கைசு தயங்கி, தலையசைத்து, திரும்பிப் போனாள்.

ரெயோ மட்டும் முணுமுணுத்தார்: "ஒரு வார்த்தை கூப்பிட்டா என்ன குறைஞ்சிடும்? கடல்ல ஒரு ஆள் கையைத் தூக்கினா நாங்க எல்லா வேலையையும் போட்டுட்டுப் போவோம்."

இல்போவுக்குச் சுருக்கென்றது. அந்த ஆள் யாராக இருக்கும்? அவனை அறியாமலே மனசு கிளம்பிவிட்டது. நார்வேக்காரனாக இருக்கலாம். மீன்பண்ணை முதலாளி. வீட்டில் பெரிய மாடிப்படி. எதையும் விட்டுவிட்டுப் போகும் துணிச்சல் உள்ளவன். இப்போது மேல்தளத்தில் கம்பியைப் பிடித்து நின்று, ஒரு பெண் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பான். அவன் தலைமுடி காற்றில் பறக்கும். கீழே தன் குவியல் கரைவது தெரிந்தும் சிரிப்பான். அப்படி ஒரு மனிதனாகப் பிறந்திருந்தால்! இல்போவுக்கு அவன்மேல் பிரியமே வந்துவிட்டது. அந்தப் பிரியத்தோடேயே அவன் சீக்கிரம் ஒழிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டான்.

ஏலக்காய் ரொட்டியும் காபியும் வந்தன. கூடவே ரைலியும் வந்தாள். தலையில் துண்டு, சவுனா என்ற நீராவிக் குளியலில் சிவந்த முகம். வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். புருஷன் ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஜன்னலைப் பார்க்காமல், பக்கத்து மேசையைக் கழுகு மாதிரி கவனித்துக்கொண்டிருந்தான்.

"இல்போ?" என்றாள், வேறு யாரையோ கூப்பிடுவது போல.

"உஷ்" என்றான் இல்போ.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவளை உஷ் என்றது இதுதான் முதல் தடவை. ரைலி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவன் பின்னால் உட்கார்ந்தாள்.

"இங்கயேவா இருக்கே, இவ்வளவு நேரமும்?" என்று மெல்லக் கேட்டாள்.

"நகரவே இல்ல. கண்ணு ரோட்டுலதான்."

அடுத்த சீட்டில் இரண்டு ராணிகள் வந்தன. பகல் முழுக்க வராதவர்கள் ஜோடியாக வந்து நின்று அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் வாயைத் திறப்பதற்குள் குன்வோர் மலையையே முன்னால் நகர்த்திவிட்டாள்.

"மொத்தமும்" என்றாள்.

ஆடினால், பெரும்பாலும் ஜெயிப்பான். பெரும்பாலும். தோற்றால் அந்த நிமிஷமே படகு சாம்பல். கவிழ்த்தால் இன்னொரு சுற்றுக்கு உயிர் இருக்கும். அதற்குள் பக்கத்து மேசையில் அந்த நார்வேக்காரன் ஒழிந்துவிடலாம். நாணல் சலசலக்கும் சத்தம் காதில் கேட்டது. படகின் விளிம்புக்கு மேலே வானம் தெரிந்தது.

"மன்னிச்சுக்கோங்க" என்று இரண்டு ராணிகளிடமும் சொல்லிவிட்டுக் கவிழ்த்தான்.

குன்வோர் தன் சீட்டை மலர்த்திக் காட்டினாள். ஒரு நாலு, ஒரு ரெண்டு.

"அக்கா!"

"குமிழி உடையற வரைக்கும் நீ எதையும் ஆடமாட்டேன்னு எனக்குத் தெரியும் தம்பி. ஆனா ஒண்ணு சொல்றேன், அந்தப் பின்கழுத்தை மட்டும் யார்கிட்டயாவது காட்டு."

கட்டாயப் பந்தயத்தின் அளவை இன்னொரு படி ஏற்றினார்கள். இல்போவிடம் மிச்சம் இருந்தது அடுத்த முறைக்குக்கூடப் போதாது. அதாவது அடுத்த ஆட்டத்தில் அவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், சீட்டைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், கையில் இருப்பதெல்லாம் தானாக நடுவுக்குப் போய்விடும். பக்கத்து மேசையில் ஒல்லி மனிதர் இவன் சொன்ன யோசனையை விடாமல் செய்துகொண்டிருந்தார். அங்கேயும் காலி நாற்காலியின் முன்னால் சிதறிக் கிடந்தது ஒரு கைப்பிடி. அங்கேயும் அடுத்தது அதன் முறைதான்.

இரண்டு மேசையிலும் சீட்டுப் போட்டார்கள். கூடம் முழுக்க எழுந்து நின்றது. கப்பலின் இயந்திரம் கீழே எங்கேயோ பூனை போல உறுமிக்கொண்டிருந்தது.

"ஆடறேன்" என்றாள் குன்வோர், இரண்டு விரலால் வில்லைகளைத் தள்ளி.

"நானும்" என்றார் பக்கத்து மேசையில் ஒல்லி மனிதர்.

இல்போ தன் சீட்டைத் திருப்பினான். ஒரு ஜாக்கி, ஒரு மூன்று. குன்வோரிடம் ஓர் ஏஸ், ஓர் எட்டு. ரெயோ கண்ணை மூடிக்கொண்டார்.

நடுவில், எல்லாருக்கும் பொதுவான ஐந்து சீட்டுகளில் முதல் மூன்று விழுந்தன. ஒன்றும் இல்லை. நாலாவது விழுந்தது. ஒன்றும் இல்லை. ரைலி பின்னாலிருந்து அவன் தோளைப் பிடித்தாள். பழகுகிறவன் தவறான பக்கம் திருப்பும்போது பிடிக்கிற அதே பிடி. இல்போவோ, வாழ்க்கையில் முதல் முறையாக, எங்கேயும் போகாமல் இருந்தான். பாறை இல்லை, பறவை இல்லை, மஞ்சள் வீடு இல்லை. மேசை, பச்சைத் துணி, சீட்டுப் போடுகிறவனின் கட்டைவிரல். அவ்வளவுதான் உலகம். அது எவ்வளவு தெளிவாக, எவ்வளவு அழகாக இருந்தது! இதைத்தான் இவ்வளவு நாளும் மற்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்களா?

கடைசிச் சீட்டு விழுந்தது. மூன்று.

"ஜோடி!" என்று கத்தினார் ரெயோ.

அதே மூச்சில் பக்கத்து மேசையிலிருந்து சத்தம் வந்தது. ஒல்லி மனிதர் இரண்டு கையையும் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தார். சீட்டுப் போடுகிறவன் கடைசிக் கைப்பிடி வில்லைகளை வாரி அவரிடம் தள்ளிவிட்டு, காலி நாற்காலியை மேசையிலிருந்து பின்னால் இழுத்துப் போட்டான்.

"ஒரு ஆள் வெளியே!" என்று கூவினாள் கைசு. "குமிழி உடைஞ்சாச்சு! மிச்சம் இருக்கிற ஒன்பது பேருக்கும் பரிசு!"

கூடமே ஆரவாரமாயிற்று. தெரியாதவர்கள் தெரியாதவர்களைக் கட்டிக்கொண்டார்கள். குன்வோர் மேசையைச் சுற்றி வந்து இல்போவின் கன்னத்தைக் கிள்ளினாள். ரெயோ கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

ரைலி முக்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு, "படகு இருக்கட்டும்" என்றாள். "ஓட்டையை நானே அடைச்சுத் தர்றேன். இருபத்தாறு வருஷமா நீ பக்கத்துல இருக்கும்போதெல்லாம் நீ எங்க இருக்கேன்னு தேடிக்கிட்டே இருந்தேன் இல்போ. இன்னிக்குத்தான் உன்னைச் சரியான இடத்துல பாத்தேன்."

இல்போவுக்குக் கண் கலங்கியது. ஜன்னலுக்கு வெளியே தீவுகள் நெருங்கி வந்தன. ஸ்டாக்ஹோம் பக்கத்து மாளிகைகளும் படகுத்துறைகளும் தங்கப் புகைக்குள் மிதந்தன. அவன் பார்க்கவில்லை. காபிக் கோப்பையை எடுத்து, ஒதுக்கிப் போட்டிருந்த அந்தக் காலி நாற்காலியை நோக்கி உயர்த்தினான். தோற்றவனுக்கு மரியாதை செய்வதில் ஒரு தனி இன்பம் இருந்தது.

"பாவம்யா நீ" என்றான் மனப்பூர்வமாக. "ஆனா ஒரு மனுஷன் இவ்வளவு அஜாக்கிரதையா இருக்கக் கூடாது. கொஞ்சம் கண்ணை ரோட்டுல வெச்சிருக்கணும்."

ரைலி பெருமையோடு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கைசு மைக்கோடு அவர்களிடம் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "வாழ்த்துகள் சார். ரெண்டு தடவை எச்சரிக்கை குடுத்ததை மனசுல வெச்சுக்காதீங்க. ஒன்பது பேரையும் கப்பல் முழுக்கக் கேக்கிற மாதிரி வாசிக்கப் போறேன். உங்களை முதல்ல சொல்லட்டுமா? பேரு?"

அவன் எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குக்கூட ஒழுங்காகப் பதில் சொல்லாதவன், இன்று கூடத்தின் கடைசி மூலைக்கும் கேட்கும்படி சொன்னான்:

"இல்போ வெஸ்தரினன்!"

கைசுவின் சிரிப்பு அப்படியே நின்றது. அவனைப் பார்த்தாள். அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள். மைக்கை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"சார், இது சவுனாவுக்குப் போன ஹோல்கெரோட இடமாச்சே... இல்போ வெஸ்தரினனைத்தானே இப்ப, மத்தியானம் கப்பல் திரும்பற வரைக்கும் வெயிலடிச்ச அந்த மேசையிலேர்ந்து நாற்காலியோட வெளியே அனுப்பினோம்!"